மணிக்கு மூன்று கிலோமீட்டர்: பெங்களூருக்கு வெளியே பாறைமேல் வண்டி ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பில் என் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நகரும். முன்னால் நிற்கிறவர், பின்னால் ஹாரன் அடிக்கிறவர் என்று எல்லார் மேலும் எரிச்சல் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ராமநகரம் தாண்டி ஒரு கற்சரிவில் அதே வண்டி அதே வேகத்தில் போகும்போது பசி எடுப்பதுகூடத் தெரியாது. "டீசல் பெட்ரோல் செலவு பண்ணி டிராஃபிக் ஜாமைத் தேடிப் போறியா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நான் அல்சூர்க்காரன். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் என் மாமா. கோலார் தங்கவயலில் 2001-இல் சுரங்கத்தை மூடும்வரை கம்பெனி ஜீப் ஓட்டியவர். வண்டி கல்லில் மோதினால் அவர் திட்டமாட்டார். "இறங்கிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்பார். பார்க்கவில்லை என்பது அவருக்கே தெரியும்.

மணலில் ஓட்ட வேகம் வேண்டும். சேற்றில் உந்துதல் வேண்டும். பாறையில் இரண்டும் ஆகாது. பெங்களூர் பக்கத்துச் சிவகங்கை மலையில் செங்குத்தான இடத்தில் ஏறும்போது ஒரு காலை வைத்து, கல் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்து, பிறகுதானே மறு காலை எடுக்கிறோம்? அதையே நான்கு சக்கரங்களால் செய்வதுதான் இது. பழகிவிட்டால் இடது பின்சக்கரம் எந்தக் கல்மேல் இருக்கிறது என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே உடம்புக்குத் தெரியும். அந்த உணர்வு முதல்முறை வந்த நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போய்விட்டது.

வண்டி இல்லாமல் முதல் பாடம்

நேராக லால்பாக் போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அதன் சரிவில் சாதாரண ரப்பர் செருப்போடு மேலும் கீழும் நடந்து பாருங்கள். காய்ந்த இடத்தில் சொரசொரப்பு காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மழைநீர் வழிந்து கருத்த தடத்தில் அதே செருப்பு வழுக்கும். டயரும் ரப்பர்தான், அதற்கும் இதே கதிதான். பாறைமேல் வெளிர்ச்சாம்பல் நிறத்தில் படை படையாக ஒட்டியிருப்பவை, நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவுக்காரர்கள். காய்ந்திருக்கும்போது தொந்தரவில்லை. பனியிலோ தூறலிலோ நனைந்துவிட்டால் எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நாங்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறோம். அப்போதும் வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகுதான் சரிவில் வண்டியை ஏற்றுவோம்.

ராமநகரம் பக்கத்துப் பாறை வேறு வகை. அந்த ஊரின் பழைய ஆங்கிலப் பெயர் க்ளோஸ்பேட். அங்கிருந்து தெற்கும் வடக்குமாக நீண்டு ஓடும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கருங்கல் பட்டைக்கு, புவியியல்காரர்கள் ஊரின் பெயரையே வைத்து க்ளோஸ்பேட் கிரானைட் என்கிறார்கள். இந்தக் கல் வெங்காயம்போல் தோல் தோலாக உரியும். உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதற்கும் இந்தத் தேய்மானமே காரணம். ஓட்டுகிறவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மேலே கெட்டியாகத் தெரியும் பலகை அடியில் விட்டுப்போயிருக்கலாம். குதிகாலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அதன்மேல் ஒன்றேகால் டன் எடையை ஏற்றாதீர்கள்.

ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பாறை மூன்று வகை. ஒரே பரப்பாகக் கிடக்கும் படுகைப் பாறைதான் புதியவர்களுக்கு நல்லது. ஆட்டுக்கல் அளவில் மண்ணில் புதைந்து நிற்கும் கற்கள் அடுத்த வகுப்பு. தேங்காய் அளவில் கழன்று கிடக்கும் கற்கள் பார்க்க அப்பாவியாக இருக்கும். உண்மையில் மோசமானவை அவைதான். டயருக்கு அடியில் உருண்டு வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், சுண்டிப் பறந்து அடிவயிற்றில் அடிக்கும்.

எந்த வண்டி

ஜிம்னி, தார் ஃபோர் பை ஃபோர், கூர்க்கா, நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜிப்ஸி. பெயர்ப் பட்டியலைவிட லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் கூடுதல் பல்சக்கரம், இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உயரமாக இருந்தாலும், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனாலும், லோ ரேஞ்ச் இல்லாத வண்டியைப் பாறைக்குக் கொண்டுவராதீர்கள். கிளட்ச் புகைந்து ஊர் வந்து சேரும்.

ஏன் என்று ஒரு கணக்கு. மேனுவல் ஜிம்னியில் ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் லோ ரேஞ்ச்) போட்டு முதல் கியரில் விட்டால் எஞ்சின் ஏறக்குறைய 36 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வையுங்கள். சக்கரம் 22 சுற்று. அந்த டயரின் சுற்றளவு இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆக மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே, நடப்பதைவிட மெதுவாக, முழுப் பலத்தோடு வண்டி ஏறும். லோ ரேஞ்ச் மட்டும் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்று பார்த்தால் தாரில் 2.48. அமெரிக்காவின் ரூபிகான் பாதைப் பெயரைத் தாங்கிய ஜீப் ராங்க்ளரில் அது 4. அவர்களுக்கு அங்கே அவ்வளவு தேவைப்படுகிறது. ராமநகரத்துக்கு நம் வண்டிகளே தாராளம்.

தரையிலிருந்து அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்று எல்லாரும் கேட்பார்கள். ஜிம்னியில் 210 மில்லிமீட்டர், தாரில் 226. நான் பார்ப்பது கோணங்களை. முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான படியை அணுகலாம், நடுவயிறு தட்டாமல் எவ்வளவு கூரான மேட்டைத் தாண்டலாம் என்பவைதான் பாறையில் சோறு போடும். ஐந்து கதவு ஜிம்னியில் அணுகுகோணம் 36 டிகிரி, நடுவயிற்றுக் கோணம் 24தான். அதனால் எனக்கு முன்பக்கம் தட்டாத இடத்திலும் வயிறு தட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி ஒரு பலவீனம் உண்டு. ஒருநாள் கீழே படுத்து டார்ச் அடித்து டிஃபரன்ஷியல் உருண்டை (அச்சின் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரக் கூடு), எண்ணெய்த் தொட்டி, பெட்ரோல் டேங்க், சைலன்சர் குழாய் எங்கெங்கே தொங்குகின்றன என்று மனப்பாடம் செய்யுங்கள்.

பெரிய டயர், தூக்கிய சஸ்பென்ஷன் எல்லாம் முதல் வருடம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை எழுத்துக்கு எழுத்து படித்துவிடுங்கள். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் செலவழிப்பதாக இருந்தால் எஞ்சினுக்கும், லோ ரேஞ்ச் பல்சக்கரம் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் இரும்புக் காப்புத் தகடு போடுங்கள். அது போதும்.

எங்கே போகலாம், எங்கே கூடவே கூடாது

காட்டுக்குள் கூடாது. பன்னேர்கட்டா, காவிரி சரணாலயம், சாவனதுர்கா காடு எதுவானாலும் சரி, அனுமதியில்லாமல் வண்டியை உள்ளே விடுவது வனச்சட்டப்படி குற்றம். ராமதேவர பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம். ஏரிப்படுகையிலும் கூடாது, கோடையில் வறண்டு கிடந்தாலும்தான்.

முதல் இரண்டு மூன்று தடவை கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் தனியார் தடங்களுக்குப் போங்கள். நகரைச் சுற்றி இருக்கின்றன. ஏதாவது உடைந்தால் இழுக்க டிராக்டராவது இருக்கும். அதன்பிறகு நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்ற இடம். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மானாவாரி நிலத்தில் பாதி பாறைதான். அவருக்கு விளைச்சல் இல்லை, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. வழியில் மந்தை ஓட்டி வருபவரிடமும் இறங்கிப்போய், "அண்ணா, இல்லி ஹோகபஹுதா?" (இங்கே போகலாமா?) என்று கன்னடத்தில் கேட்போம். அனுமதியோடு சேர்த்து, எந்தப் பாறைக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும்.

தனி வண்டியாகப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு.

டயரில் காற்றைக் குறைத்தல்

ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் எந்தப் பாகத்தையும்விட இது பலன் தரும், செலவும் இல்லை. ரோட்டில் 30 பிஎஸ்ஐ வைத்திருக்கிறீர்கள் என்றால் பாறைக்கு முன் 18 முதல் 22 வரை இறக்குங்கள். எடை மாறாது, அழுத்தம் குறைகிறது, எனவே தரையில் பதியும் பரப்பு விரிந்தாக வேண்டும். 30-லிருந்து 18 என்றால் கணக்குப்படி ஒன்றரை மடங்குக்கும் மேல். நடைமுறையில் டயர் பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் கழித்துக்கொள்ளும். பரப்பைவிட முக்கியம், டயர் குழைந்து கல்லின் முனையை உள்ளங்கைபோல் மூடிப் பிடிக்கும் என்பது. காற்று நிறைந்த டயர் அதே முனையில் பந்துபோல் எகிறும். முதல்முறை இரண்டையும் ஒரே கல்லில் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். கூரான கல்லை உரசினால் கிழியும். பக்கச்சுவர் கிழிசலுக்குப் பஞ்சர் கடையில் மருந்தில்லை. எனவே முழு அளவு ஸ்டெப்னி, அதுவும் காற்று சரிபார்த்த ஸ்டெப்னி, கட்டாயம். பேட்டரியில் இயங்கும் சின்ன கம்ப்ரஸரும் அழுத்தமானியும் கையில் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் 18 பிஎஸ்ஐயோடு போனால் டயர் சூடாகி வெடிக்கலாம்.

வண்டிக்குள் என்னென்ன

தடிமனான கையுறை, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், ஜாக் வைக்க ஒரு மரப்பலகை, இரண்டு சக்கரக்கட்டை, இழுவைக் கயிறு, அதை மாட்டத் தாங்குதிறன் பொறித்த ஷேக்கிள் (இரும்பு இணைப்பு வளையம்). எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். ஒருமுறை கட்டாத டிபன் கேரியர் சரிவில் புறப்பட்டு எல்லார் முதுகிலும் சாம்பார் அபிஷேகம் நடத்தியது. மூன்று கிலோமீட்டர் வேகம்தானே என்று சீட் பெல்ட்டைத் தவிர்க்காதீர்கள். பக்கவாட்டு ஆட்டத்தில் தலை கண்ணாடியில் மோதும். ஜன்னலுக்கு வெளியே முழங்கையும் வேண்டாம். வண்டி சாய்ந்தால் கை தானாகக் கம்பியைப் பிடிக்க வெளியே போகும், அங்கேதான் நசுங்கும்.

இறங்கி நடத்தல்

என் இரண்டாவது பயணம். முப்பது அடி நீளப் பாறைச் சரிவு, அடுத்த பக்கம் மண். மேலிருந்து பார்த்தால் தோசைக்கல் மாதிரி வழவழப்பு. இறங்காமல் விட்டேன். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது, பானெட் மறைத்துவிட்டது. முன்சக்கரம் விழுந்ததும் 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் பாறையில் கருப்பாக ஒரு கோடு நீண்டது. எண்ணெய்த் தொட்டி பிளந்திருந்தது. இழுவை வண்டி வந்து வீடு சேர ராத்திரி பதினொன்று. மாமாவுக்குப் போன் போட்டேன். என்ன கேட்டார் என்று எழுத வேண்டியதில்லை.

நடக்கும்போது இதைப் பாருங்கள். எந்தக் கல்மேல் டயர் ஏற வேண்டும்? புதியவர்கள் பெரிய கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போக நினைப்பார்கள். நகரத்து வேகத்தடைப் புத்தி அது. நடுவில்தான் உருண்டையும் தொட்டியும் தொங்குகின்றன. கல் பெரிதாக இருந்தால் டயரைத்தான் அதன்மேல் ஏற்ற வேண்டும், அப்போது வயிறும் சேர்ந்து உயரும். பள்ளம் நடுவில் ஓடினால் இரு கரையிலும் ஒவ்வொரு வரிசைச் சக்கரம். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். லாரிக்காரர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. நாம் காரில் மறந்துவிடுகிறோம்.

வழி அமையவில்லை என்றால் சிறு கற்களை அடுக்கிப் படி கட்டுங்கள். போகும்போது அவற்றை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

வண்டிக்கு வெளியே நின்று வழி சொல்பவர்

நம் ஊர் லாரி கிளீனர்களைவிடச் சிறந்த ஆசிரியர் இதற்கு யாரும் இல்லை. "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடி, போதும், ஸ்டெடி பண்ணு, வரட்டும்... நில்லு!" சந்துக்குள் பத்துச் சக்கர லாரியை நுழைக்கும் அந்த மொழிதான் பாறையிலும். வழி சொல்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் நான்கு பக்கம் கத்தினால் வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுநருக்கு அவர் முகம் எப்போதும் தெரிய வேண்டும். தெரியாத நொடியில் பிரேக். இரண்டு கையையும் தூக்கி முஷ்டி மூடினால் நில். ஆள்காட்டி விரல் காட்டும் பக்கம் ஸ்டீயரிங். இவற்றை வண்டி நிற்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சரிவின் கீழ்ப்பக்கமோ, வண்டிக்கும் பாறைக்கும் இடையிலோ அவர் நிற்கவே கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போடக் குனியும் முன் ஓட்டுநர் "பிரேக்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் பாதிப் பேர் கன்னடத்தில் சொல்வார்கள். சேலத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர், "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டதும் பாறை நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, "யாரைங்க பன்னிங்கறீங்க?" என்று எட்டிப் பார்த்தார். கன்னடத்தில் அதற்கு 'வாங்க' என்று பொருள் என விளக்கிய பிறகு சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. எந்த மொழி என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஏறுதல்

வண்டியை முழுதாக நிறுத்துங்கள். கிளட்ச், நியூட்ரல், பிறகு ஃபோர் லோ. டாஷ்போர்டில் விளக்கு எரிந்ததா என்று பார்த்த பிறகு முதல் கியர். கிளட்சை முழுதாக விட்டு இடது காலைத் தரையில் வையுங்கள். நகரத்துப் பழக்கத்தில் அந்தக் கால் திரும்பத் திரும்ப மிதியைத் தேடும். அதை அடக்குவதே முதல் மாதப் பாடு.

கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் விடாதீர்கள். கல் முன்சக்கரத்தைத் தட்டினால் ஸ்டீயரிங் சுழன்று கம்பி விரலில் அடிக்கும். பவர் ஸ்டீயரிங் வண்டிகளில் இது குறைவு. மாமாவின் பழைய ஜீப்பில் அது கிடையாது. அவருடைய வலது கட்டைவிரல் இன்றும் லேசாகக் கோணல்.

படி வந்தால் முன்டயர் அதைத் தொடும்வரை போய் நில்லுங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை நூல் பிடித்த மாதிரி கொடுங்கள். டயர் மேலே ஏறிய கணம் கால் பிரேக்குக்கு வர வேண்டும். இல்லையென்றால் மறுபக்கம் 'தொப்'பென்று விழும், உடைவதெல்லாம் அப்போதுதான் உடையும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இடது காலால் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வலது காலால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இந்த வேலை வெண்ணெயாக நடக்கும்.

ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்கும் கட்டம் வரும். சாதாரண டிஃபரன்ஷியல் சுலபமாகச் சுற்றும் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கொண்டிருக்கும், தரையிலிருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். பயந்து மிதிக்காதீர்கள். ஜிம்னி சுற்றும் சக்கரத்துக்குத் தானே பிரேக் போட்டு மறுபக்கம் சக்தியைத் தள்ளும், ஆனால் சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் அதற்கு விஷயம் புரியும். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துப் பொறுத்திருங்கள். கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலைப் பூட்டி இரு சக்கரத்தையும் சேர்ந்து சுற்றவைக்கும் லாக் இருக்கிறது. வண்டி மாட்டிக்கொள்வதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ந்த படுகைப் பாறையில் கூர்மையாகத் திரும்பும்போது ஸ்டீயரிங் கல்லாகக் கனத்து வண்டி திமிறினால் பழுதில்லை. முன் பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கின்றன, வளைவில் இரண்டும் போகும் தூரம் வேறு. கொஞ்சம் பின்வாங்கினால் அந்த முறுக்கு விட்டுவிடும்.

இறங்குதலும் தோற்றுத் திரும்புதலும்

இறக்கத்தில் ஃபோர் லோ, முதல் கியர், கிளட்சைத் தொடாதீர்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். எப்போதும் நேர்கோடு. சரிவில் குறுக்கே திரும்பியவர்கள்தான் உருண்டிருக்கிறார்கள். பக்கச்சாய்வில் வண்டி நழுவுவதாகத் தோன்றினால் உடனே ஸ்டீயரிங்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்புங்கள். மனசு மேட்டுப் பக்கம் திருப்பச் சொல்லும், கேட்காதீர்கள்.

ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கைக் கெட்டியாக மிதியுங்கள். எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டு, பிறகே பிரேக்கைத் தளர்த்தி வந்த தடத்திலேயே பின்னால் இறங்குங்கள். நியூட்ரலில் உருண்டால் பிரேக் மட்டும் காப்பாற்றாது.

மாட்டிக்கொண்டால்

கயிறு கடைசி வழி. சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கலாம். கற்களுக்கு இடையே செருகிய சக்கரத்தை வெடுக்கென்று இழுத்தால் அச்சுதான் முறியும். பலகைமேல் ஜாக் வைத்துத் தூக்கி, டயருக்கு அடியில் கல் அடுக்கி, மறுபடி முயலுங்கள். பத்தில் எட்டு தடவை எங்களுக்கு இதிலேயே வேலை முடிந்திருக்கிறது.

இழுத்தே ஆக வேண்டுமென்றால், சேஸிஸில் பொருத்திய மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பம்பரில், அச்சில், டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் வேண்டாம். இறுகிய கயிறு அறுந்தால் அதன் நுனியிலிருக்கும் இரும்பு குண்டுபோல் பறக்கும். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு, எல்லாரையும் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி, பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். செல்போனில் படம் பிடிக்க ஓடி வருபவரையும்தான். அவரைத்தான் முதலில்.

வீடு திரும்பும் முன்

தார் ரோடு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிட்டு டயர்களில் காற்று ஏற்றுங்கள். சின்ன கம்ப்ரஸரில் நான்கு டயருக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதிரில் தட்டு இட்லிக் கடை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவது எங்கள் வழக்கம். அந்த இடைவெளியில் கையைத் துடைத்துக்கொண்டு டயர்களின் உட்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள், வெட்டு அங்கேதான் ஒளிந்திருக்கும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா? பிரேக் குழாய் உரசியிருக்கிறதா? ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் மறுநாளே அலைன்மென்ட்.

திங்கட்கிழமை காலை சில்க் போர்டில் நகரும்போது முன்சக்கரத்திலிருந்து 'கிரீச்' என்று கேட்டு, பக்கத்து ஆட்டோக்காரர் உங்களைத் திரும்பிப் பார்த்தால் பயப்படாதீர்கள். பிரேக் தட்டுக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் நடுவில் மிளகளவு கல் ஒன்று கூடவே வந்திருக்கும். சந்து கிடைத்ததும் ஒதுங்கி, நாலடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் தானே விழுந்துவிடும்.